குறி ஏன் மாறுகிறது என்றும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் மாணவர் பக்கத்தில் வரும் ஒருபடிச் சமன்பாட்டுக் கணக்குகளை மகளோடு உட்கார்ந்து போட்டுப் பார்ப்பது என் வழக்கம். ரொம்ப நாளாக ஒன்று உறுத்துகிறது. விடை தரும்போது 'அந்தப் பக்கம் கொண்டுபோனால் குறி மாறும்' என்று ஒரே வரியில் தாண்டிவிடுகிறீர்கள். ஏன் மாறுகிறது என்று எங்கேயும் இல்லை.

போன வாரம் 3எக்ஸ் + 5 = 20 என்ற கணக்கு. ஐந்தை அந்தப் பக்கம் கொண்டுபோய் 3எக்ஸ் = 15 என்று சரியாகத்தான் எழுதினாள், அப்புறம் மூன்றையும் அதே மாதிரி கொண்டுபோய், குறியை மாற்றி, 15இல் 3 போக எக்ஸ் = 12 என்று போட்டு அடிக்கோடும் இட்டுவிட்டாள். திட்ட மனம் வரவில்லை, சொல்லிக்கொடுத்த விதியைத்தானே பிள்ளை அப்படியே செய்திருக்கிறது. சரி, எக்ஸ் இருக்கும் இடத்தில் 12ஐப் போட்டுப் பார் என்றேன். மூன்று பன்னிரண்டு 36, ஐந்து கூட்டினால் 41. இருபது வரவேண்டிய இடத்தில் நாற்பத்தொன்று! பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

உண்மையில் எந்த எண்ணும் எங்கும் போவதில்லை. இரண்டு பக்கமும் 5ஐக் கழிக்கிறோம். இடப்பக்கம் அது தீர்ந்துபோகிறது, வலப்பக்கம் 15 மிஞ்சுகிறது. 3 எக்ஸோடு பெருக்கலாக நிற்பதால் இரண்டு பக்கமும் 3ஆல் வகுக்கிறோம், எக்ஸ் = 5. வேல்ஸ் நாட்டுக் கணித அறிஞர் ராபர்ட் ரெக்கார்டு 1557இல் சமக்குறியைப் புத்தகத்தில் போட்டபோது, இரண்டு இணைகோடுகளைவிடச் சமமானவை வேறு இல்லை என்றுதான் அந்த வடிவத்தைத் தேர்ந்தெடுத்தார். நம் பிள்ளைகளோ அதை 'அடுத்து விடை' என்று படிக்கிறார்கள்.

வரைபடத்திலும் இதே கதைதான். 2எக்ஸ் + ஒய் = 7க்கு எக்ஸ் 0, 1, 2 என்றால் ஒய் 7, 5, 3. கோடு போட இரண்டு புள்ளி போதும், மூன்றாவது எதற்கு என்று பல பிள்ளைகளுக்குத் தெரியாது. அது தள்ளி நின்றால் எங்கோ கணக்குத் தப்பு, அதைக் காட்டத்தான். எக்ஸ் ஒன்று கூடும்போதெல்லாம் ஒய் இரண்டு குறைகிறதே, அந்த −2தான் சாய்வு என்று அட்டவணையில் விரல் வைத்துக் காட்டிய பிறகுதான் என் மகளுக்குச் சூத்திரத்தில் இருக்கும் சாய்வு பிடிபட்டது.

அதே கோட்டோடு 4எக்ஸ் + 2ஒய் = 20 என்பதையும் கொடுத்தேன். முதல் சமன்பாட்டை இரண்டால் பெருக்கி இதிலிருந்து கழித்தால் 0 = 6 என்று வருகிறது. தான்தான் தப்பு செய்துவிட்டோம் என்று பாவம், அழித்து அழித்து மூன்று முறை போட்டாள். வரைபடத்தாளை எடுத்து இரண்டையும் வரையச் சொன்னேன். ஒன்று ஒய் அச்சை 7இல் வெட்டுகிறது, இன்னொன்று 10இல், இரண்டுக்கும் சாய்வு −2. எவ்வளவு நீட்டினாலும் சந்திக்காது. தீர்வு இல்லை என்பதே விடை என்று அவளாகவே சொன்னாள்.

அதனால் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு விடைக்கும் கீழே, அதை மறுபடி சமன்பாட்டில் போட்டுச் சரிபார்க்கும் வரி ஒன்றைச் சேர்த்து அச்சிடுங்கள். தீர்வே இல்லாத ஒரு சோடிச் சமன்பாட்டையும் வரைபடத்தோடு ஒருமுறை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்