ஆஸ்திரேலியாவின் பிலோயெலாவிலிருந்து தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

இங்கே நலம். அங்கே அம்மாவும் நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போட்டில் வந்தவர்களை இங்கத்தைச் சனம் எப்படிப் பார்க்கிறது என்று கேட்டிருந்தாய். ஒரு தமிழ்க் குடும்பத்துக்காக வெள்ளைக்காரர் பதாகை பிடித்து நிற்கிற படத்தை ஏஜென்சிக்காரன் காட்டினானாம். அது எங்கள் ஊர்ப் படம்தான். அதைக் காட்டி, போட்டில் வந்தால் ஆஸ்திரேலியாவில் ஏற்றுக்கொள்வார்கள் என்று அவன் சொல்லுகிற கதைதான் பொய்.

பிலோயெலாவில் ஆறாயிரம் பேர்கூட இல்லை. சுரங்கம், மின் நிலையம், பருத்தி, இறைச்சித் தொழிற்சாலை, இவ்வளவும்தான் பிழைப்பு. போட்டுகளைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்கிற கட்சிக்குக் கனகாலமாக வாக்குப் போடுகிற தொகுதி.

அப்படிப்பட்ட ஊர்தான் 2018 மார்ச் 5 விடியப்புறம் அதிகாரிகள் அந்தக் குடும்பத்தைத் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனதும் எழும்பி நின்றது. தகப்பன் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்தவர். தாய் ஆஸ்பத்திரி ஆட்களுக்குக் கறி சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தவர். பிள்ளைகள் இரண்டும் குயின்ஸ்லாந்தில் பிறந்தவை. சனத்துக்கு அவர்கள் பக்கத்து வீட்டார். அவர்களை ஊருக்குத் திருப்பி விடச் சொன்ன மனுவில் லட்சக்கணக்கில் கையெழுத்து விழுந்தது. ஆனால் கையெழுத்துப் போட்டவர்களோடு கதைத்துப் பார். "இவர்கள் எங்கட ஆட்கள், விடுங்கோ" என்பார்கள். அடுத்த போட்டைப் பற்றிக் கேட்டால், "வரிசையில் நிற்காமல் வரக்கூடாது" என்று அதே வாயால் சொல்லுவார்கள். அது கள்ளம் இல்லை. இரண்டையும் மனதாரத்தான் சொல்லுகிறார்கள். விசா முடிந்தும் போகாமல் நிற்கிறவர்கள் நாடு முழுக்க 60,000க்கு மேல். பிளேனில் வந்த அவர்களைப் பற்றிப் பெரிதாக ஒருவரும் கதைப்பதில்லை. கோபம் முழுக்கப் போட்டின் மேல்.

இவ்வளவு ஆதரவு இருந்தும் என்ன நடந்தது தெரியுமோ? 2019 ஓகஸ்டில் அந்தக் குடும்பத்தை இலங்கைக்குப் பிளேன் ஏற்றிவிட்டார்கள். பறந்துகொண்டிருந்த பிளேனை நீதிமன்றத் தடையுத்தரவால் டார்வினில் இறக்கி, பிறகு தடுப்பு முகாம் இருக்கிற கிறிஸ்மஸ் தீவில் கொண்டுபோய் வைத்தார்கள். 2021 ஜூனில் சின்னப்பிள்ளைக்கு வருத்தம் கடுமையாகி பேர்த் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகுதான் தீவிலிருந்து வெளியே வந்தார்கள். ஊருக்குத் திரும்பினது 2022 ஜூனில், அதுவும் ஆட்சி மாறினதால். நிரந்தர விசா ஓகஸ்டில். நாலு வருஷத்துக்கு மேல் போய்விட்டது. இங்கே பிறந்த பிள்ளைகளையும் சட்டம் போட்டில் வந்தவர்களாகத்தான் கணக்கெடுக்கிறது; அமைச்சர் விலக்குக் கொடுக்காமல் அவர்கள் விசாவுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. ஒரு ஊர்ச் சனத்தின் அன்பு அந்த விதியை அசைக்கவில்லை.

2023 பெப்ரவரியில் தற்காலிகப் பாதுகாப்பு விசாக்காரர் ஏறத்தாழ 19,000 பேருக்கு நிரந்தர வழி திறந்தது. "கதவு திறந்திட்டுது" என்று ஏஜென்சிக்காரர் விற்பது இதைத்தான். அது முன்னமே வந்து, அந்த விசா வைத்திருந்தோ கேட்டிருந்தோ இருந்த ஆட்களுக்கு மட்டும். 2013 ஜூலை 19க்குப் பிறகு போட்டில் வந்தவருக்கு இங்கே குடியேற்றம் இல்லை என்ற கொள்கை அப்படியே இருக்கிறது. அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட பழைய ஆட்கள் ஆயிரக்கணக்கில் இன்னும் இடைக்கால விசாவில்தான் காலம் தள்ளுகிறார்கள்: சில மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேணும், சிலருக்கு வேலை செய்ய அனுமதியே இல்லை. இப்போது கடலில் பிடித்தால் அங்கேயே விசாரித்து, பெரும்பாலும் நேரே கொழும்புக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே குடிவரவு, குடியகல்வுச் சட்டத்தில் வழக்கு, பிணை, பிறகு வட்டிக்கு எடுத்த கடன்.

இறைச்சித் தொழிற்சாலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அந்த ஏஜென்சிக்காரன் சொல்வது சரி. ஆனால் பசிபிக் தீவுகளிலிருந்தும் கிழக்குத் திமோரிலிருந்தும் ஆள் எடுக்கிற திட்டத்தில் இலங்கை இல்லை. உனக்கு இருப்பது தொழில் விசா வழி: வேலை அனுபவக் கடிதம், ஆங்கிலப் பரீட்சை, விசாவுக்குப் பொறுப்பேற்கிற முதலாளி. வெல்டிங் சான்றிதழையும் சம்பளச் சீட்டுகளையும் படமெடுத்து அனுப்பு. அவனுக்கு முற்பணம் கட்டாதே. காணி உறுதியை அம்மாவிடமே கொடுத்து வை.

அன்புடன்,
அண்ணா