தம்பிக்கு, அப்பாவின் வருஷத் திதிக்கு முன்

அன்புள்ள தம்பி,

போனில் பேசினால் நீ வைத்துவிடுவாய், இல்லாவிட்டால் நான் வைத்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். நான் எழுதும் இந்தப் பக்கத்துக்கு வந்து படிக்கிறவர்களில் நம் சொந்தக்காரர்களும் உண்டு. பதினாறாம் நாள் காரியம் முடிந்து மாடியில் நீ என்னிடம் கேட்டதை அதனால் திரும்ப எழுதவில்லை. பதில் மட்டும் சொல்கிறேன். அதற்கும் முன்னால் வேறொன்று.

போன வாரம் என் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.1 சதவீதம். 6.5 வந்தால் சர்க்கரை நோய். 5.7 முதல் 6.4 வரை அதற்கு முந்தைய நிலை. அப்பத்தா, அப்பா, இப்போது நான். அந்தத் தாளைப் பார்த்ததும் உன் ஞாபகம்தான் வந்தது. அடுத்தது நீ என்று சொல்லவில்லை. ஆனால் கடைசியாக எப்போது ரத்தம் கொடுத்துப் பார்த்தாய்?

தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்துவிட்டு அப்பா வீட்டுக்கு வந்த அந்தச் சாயங்காலம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? தரையில் ரத்தத் தடம் இருந்ததை அம்மாதான் முதலில் பார்த்தாள். செருப்பைக் கழற்றினால் உள்ளே ஒரு சரளைக்கல். வழியெல்லாம் அதை மிதித்துக்கொண்டே வந்திருக்கிறார். நீ குத்தவைத்து உட்கார்ந்து, டெட்டால் தொட்ட பஞ்சால் துடைத்துக்கொண்டே, "வலிக்குதாப்பா?" என்றாய். பேப்பரை இறக்காமலேயே அவர், "எந்தக் கால்லடா?" என்று கேட்டார்.

சர்க்கரையால் அவர் கால் மரத்துப்போயிருந்தது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. நான்தான் ஆரம்பித்தேன், இனி இது கூடாது, அது கூடாது என்று. அப்பா கையமர்த்தினார். "எனக்கு மட்டும்னு எழுதினா அது தண்டனை. ஆளுக்கு ஒண்ணு எழுதுங்க, நானும் எழுதுறேன்." பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவர்தான் முதலில் எழுதினார்: 'தினமும் படுக்கும் முன் இரண்டு பாதங்களையும் கண்ணாடி வைத்துப் பார்ப்பேன்.' ஊறுகாயும் அப்பளமும் வாரத்தில் ஒரு நாள்தான் என்று அம்மா எழுதினாள், அவளுடைய பிரஷருக்காக. இரவுச் சாப்பாடு எட்டு மணிக்குள் என்பது என்னுடையது. நீ பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தாய். அப்புறம், 'அப்பாவுடன் நடப்பேன்' என்று எழுதினாய். அதை அவர் மறுபடி மறுபடி படித்ததை நீ கவனித்திருக்க மாட்டாய், தலையைக் குனிந்துகொண்டிருந்தாய். நான் பார்த்தேன். அந்த நிமிஷத்துக்காகவே உன் மேல் எனக்கு எந்தக் கோபமும் நிற்பதில்லை.

நிற்பதில்லை என்றேன். வராது என்று சொல்லவில்லை. உனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது, போனாய், அதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தத் தாள் என் கையில் தங்கிவிட்டது. ஊருக்கு வரும்போதெல்லாம் நீ அல்வா வாங்கி வந்தாய், அப்பா முகம் மலர்ந்தது. அதை எடுத்து உள்ளே வைத்தவள் நான். லீவு முடிந்து நல்ல பிள்ளையாக நீ ரயில் ஏறுவாய். மறுநாள் காலை குளுக்கோமீட்டரோடு அவர் முன்னால் போய் நிற்பது நான். எல்லாரும் சேர்ந்து எழுதியது, ஒருத்தி மட்டும் காவல் காப்பதாக ஆனது இப்படித்தான்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். ஆமாம், கடைசியில் அவர் ஆசைப்பட்டுக் கேட்டதை நான் கொடுக்கவில்லை. சர்க்கரை இறங்காமல் புண் ஆறாது என்று டாக்டர் சொன்னபோது நீயும் பக்கத்தில்தான் நின்றாய். மறுபடி அதே நிலைமை வந்தாலும் கொடுக்க மாட்டேன். அவர் கேட்ட குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அதற்கு நான் மன்னிப்புக் கேட்க வேண்டியவர் அவர், நீ இல்லை. ஆஸ்பத்திரியில் நடந்த மற்றதை எழுதப்போவதில்லை. அம்மா இதைப் படிப்பாள்.

உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டியது தீபாவளிக்கு நடந்ததற்கு. உன் மனைவி முன்னால் மிக்சர் தட்டைப் பிடுங்கினேன். மன்னித்துவிடுடா. அவள் முகம் போன போக்கு எனக்குத் தாங்கவில்லை. ஆனால் அன்று காலைதான் நீ மாடிப்படி ஏறி வந்து, மூச்சு வாங்கிக் கைப்பிடியைப் பிடித்து நின்றாய். அதைப் பார்த்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய ஆய்வு ஒன்று 2006-ல் வெளியானது. சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரை வைத்து நடத்தியது. மூன்று வருடத்தில், வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்துவிட்டது. சாப்பாட்டையும் உடலுழைப்பையும் மாற்றிக்கொள்ளத் தொடர்ந்து உதவி கிடைத்தவர்களில் 39 சதவீதம். எல்லாரும் தப்பவில்லைதான். ஆனால் நூற்றுக்குப் பதினாறு பேர் கூடுதலாகத் தப்பியிருக்கிறார்கள், நம் ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டே. எனக்கு அது போதும்.

இருபத்தொரு நாளில் பழக்கம் வந்துவிடும் என்று நீ அனுப்பியிருந்தாயே, அது சரியில்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வில் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 254 நாள் வரை ஆகலாம் என்றும் கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடுவதில்லை என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. அப்பா ஒரு நாள் கால் பார்க்க மறந்தால் நான் எப்படிக் கத்தினேன்!

வெள்ளிக்கிழமை திதி முடிந்ததும் புதுத் தாள் எடுக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். உன் வீடும் என் வீடும் சேர்ந்து. அப்பா சொன்னபடி ஆளுக்கு ஒன்று. இந்த முறை யாரையும் நான் கணக்குக் கேட்கப்போவதில்லை, அவரவர் கணக்கு அவரவருக்கு. முட்டி வலியோடும் காலையும் மாலையும் தெருமுனை வரை போய் வருகிறேன் என்று அம்மா சொல்லிவிட்டாள். வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பது என்னுடையது. பாப்பாவும் தன்னுடையதைப் போனில் சொன்னாள். அதை நான் சொல்ல மாட்டேன், அவளிடமே கேட்டுக்கொள்.

ஹெச்பிஏ1சிக்கு வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை, ஆபீஸ் போகிற வழியில் ரத்தம் கொடுத்துவிடலாம். வரும்போது ரிப்போர்ட்டைக் கொண்டு வா. எனக்குக் காட்ட வேண்டாம், அம்மாவிடம் கொடு. வியாழக்கிழமை பாண்டியன் எக்ஸ்பிரஸில் டிக்கெட் கிடைத்ததும் மெசேஜ் போடு, மாமா ஸ்டேஷனுக்கு வருவார்.

அக்கா