துணியில் மிச்சம் பிடிக்கலாம், முகத்தில் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மகளிர் பக்கத்தில், குறைந்த செலவில் தினமும் அழகாக இருப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். முகம் கழுவ ஒன்று, கழுவியபின் தடவ ஒன்று, காலைக்கு ஒரு சீரம், ராத்திரிக்கு வேறொரு சீரம் என்று அதில் சொல்லியிருந்ததை எல்லாம் வாங்கினால் என் சம்பளத்தில் பெரும் பங்கு போய்விடும். நான் திருமங்கலத்திலிருந்து மதுரைக்கு வந்து ஒரு கடையில் பில் போடுகிற வேலை பார்க்கிறேன். கூட வேலை பார்க்கும் பெண்கள் உசிலம்பட்டி, மேலூர், சோழவந்தான் பக்கத்திலிருந்து வருகிறார்கள். வீட்டுக்குக் கொடுத்தது போக, சீட்டுக் கட்டியது போக மிஞ்சுவதில்தான் எங்கள் துணியும் பவுடரும். 2021-ல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனபிறகு அந்த மிச்சம் கொஞ்சம் கூடியிருக்கிறது. அதை வைத்து நாங்கள் எப்படிச் சமாளிக்கிறோம், எந்த இடத்தில் ஏமாந்து போகிறோம் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

துணி விஷயத்தில் மதுரைப் பெண்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. விளக்குத்தூண், பத்துத்தூண் சந்து, தெற்கு மாசி வீதி என்று ஒரு சுற்றுச் சுற்றினால் எந்தக் கைக்கும் ஏற்ற துணி உண்டு. பண்டிகை நெருக்கத்தில் போகாமல், ஆடி முடிந்து கூட்டம் குறைந்த ஒரு வார நாளில் போனால் நிதானமாகத் தொட்டுப் பார்த்து, பேரம் பேசி எடுக்கலாம். ஆனால் எங்கள் அழகின் ரகசியம் கடைக்காரரிடம் இல்லை, டெய்லரிடம் இருக்கிறது. ரெடிமேட் குர்த்தி தோளில் இறங்கும், இடுப்பில் தொளதொளவென்று நிற்கும். அதை இரண்டு பக்கமும் பிடித்து, கையை அரை இஞ்ச் ஏற்றி அடித்துவிட்டால் விலை கூடின துணி மாதிரி உடம்போடு நிற்கும். இதற்கு ஆகிற கூலி, இன்னொரு குர்த்தி வாங்குகிற காசில் சின்னப் பங்குதான். மீனாட்சியம்மன் கோயில் புதுமண்டபத்துத் தூண்களுக்கு நடுவே மிசின் போட்டு உட்கார்ந்திருந்த டெய்லர் அண்ணன்கள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம் மாறியிருக்கிறார்கள். மண்டபம் மண்டபமாக இருக்க வேண்டியதுதான். ஆனாலும் அவர்களைத் தேடிப்போய் வேலை கொடுங்கள் என்று உங்கள் வாசகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும்போது அளவு ஜாக்கெட்டோடு ஒரு வார்த்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்: "அண்ணே, உள்ளே ரெண்டு தையலுக்குத் துணி விட்டுத் தைங்க." உடம்பு கூடினாலும் குறைந்தாலும் அந்த ஜாக்கெட் நம்மோடு சில வருஷம் வரும். கறுப்பு, மெரூன், கரும்பச்சை என்று மூன்று ஜாக்கெட் நன்றாகத் தைத்து வைத்திருப்பவளுக்குப் பீரோவில் இருக்கும் பாதிச் சேலைகள் ஒத்துப்போகும். அம்மா கட்டி நைந்த சேலையில் உடம்புப் பகுதி போனாலும் முந்தானையும் பார்டரும் பெரும்பாலும் உறுதியாக இருக்கும். அதில் ஒரு டாப் தைத்துப் போட்டால் "எங்கே எடுத்தே?" என்று கேட்காதவர் இல்லை.

சுங்குடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண்கள் கையால் முடிச்சுப் போட்டு, சாயத்தில் தோய்த்து, புள்ளி புள்ளியாக எடுக்கும் அசல் சுங்குடிச் சேலை எங்கள் தினசரிச் செலவுக்கு எட்டாது. அந்த உழைப்புக்கு அந்த விலை நியாயம்தான். புவிசார் குறியீடு பெற்ற துணி அது. ஆனால் அதே புள்ளிகளை மெழுகு அச்சில் போட்ட பருத்திச் சேலையும் சுடிதார் துணியும் எங்கள் கைக்கு எட்டுகிற விலையில் கிடைக்கின்றன. புள்ளிகள் எல்லாம் ஒரே அச்சாக, தடவினால் மழமழவென்று இருந்தால் அது அச்சுப் போட்டது. கை முடிச்சில் புள்ளிக்குப் புள்ளி வித்தியாசம் இருக்கும், துணி லேசாகப் புடைத்து நிற்கும். இது தெரிந்து வாங்கினால் அச்சுத் துணிக்கு அசல் விலை கொடுக்க மாட்டோம். முதல் சலவையில் மட்டும் தனியாக அலச வேண்டும், இல்லாவிட்டால் சாயம் மற்ற துணியில் ஏறிவிடும்.

மதுரை வெயிலுக்கு இந்தப் பருத்தியை விட்டால் வேறு நல்ல துணி இல்லை. இறுக்கமான சிந்தெடிக் லெக்கிங்ஸைப் போட்டுக்கொண்டு பங்குனி, சித்திரையில் பஸ்ஸில் நின்று வந்து, நாள் முழுக்கக் கடையில் நிற்கிற பெண்களுக்குத் தொடையிலும் இடுப்பிலும் படர்தாமரை என்ற பூஞ்சை நோய் வருகிறது. வெட்கப்பட்டு யாரிடமும் காட்ட மாட்டார்கள். மருந்துக் கடையில் போய் "அரிப்புக்கு ஒரு டியூப்" என்பார்கள். கையில் வருவது பல நேரம் ஸ்டீராய்டு கலந்த களிம்பு. போட்டதும் அரிப்பு அடங்கும், பூஞ்சை அடங்காது. உள்ளுக்குள் பரவி, பிறகு எந்த மருந்துக்கும் எளிதில் மசியாது.

இனி முகம். நான் எழுத நினைத்ததே இதைத்தான். பொட்டும் மையும் பவுடரும் எங்களைக் கெடுத்துவிடவில்லை. டப்பாவில் வரும் கண்மைக்கும் பொட்டுக்கும் ஜி.எஸ்.டி. கூடக் கிடையாது (அதே மை பென்சிலாக வந்தால் உண்டு). புருவம் திருத்துவதும் பெரிய செலவில்லை. காசும் உடம்பும் ஒன்றாகப் போகிற இடம், வெளுக்க வைக்கிற கிரீம்தான்.

எங்கள் கடையில் ஒரு பெண்ணுக்குச் சம்பந்தம் பேச ஆரம்பித்தார்கள். "மாப்பிள்ளை வீட்ல வர்றாங்க, கொஞ்சம் நிறம் ஏத்திக்க" என்று அவளுடைய பெரியம்மாவே ஒரு டப்பாவை வாங்கிக் கொடுத்தார். ஃபேன்சி கடையில் வாங்கியது. மேலே புரியாத எழுத்து, யார் செய்தது என்று ஒரு வரி இல்லை. சில வாரத்தில் முகம் நிஜமாகவே வெளுத்தது. எல்லோரும் அவளிடம் கடையை விசாரித்தார்கள். நிறுத்தியதும் கன்னம் சிவந்து எரிந்தது, பரு கிளம்பியது, வெயிலில் போக முடியவில்லை. அவள் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு பில் போட்டதைப் பார்த்து எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை. குணத்தையும் உழைப்பையும் விட்டுவிட்டு ஒரு பெண்ணின் தோலைக் கறுப்பா சிவப்பா என்று எடை போடுகிற வழக்கம் இருக்கிறவரை இந்த டப்பாக்கள் விற்றுக்கொண்டுதான் இருக்கும்.

இப்படிப்பட்ட டப்பாவில் இரண்டில் ஒன்று இருக்கலாம். ஒன்று, அரிப்புக் களிம்பைப் பற்றிச் சொன்னேனே, அதே ஸ்டீராய்டு. தோல் மெலிந்துபோகும், முகத்தில் முடி வளரும், விட்டால் எரியும். 2018-லேயே மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று பட்டியலில் சேர்த்தது. இன்னொன்று பாதரசம். தோலுக்கு நிறம் தருகிற மெலனின் உண்டாவதைத் தடுத்து அது வெளுக்க வைக்கிறது, தோல் வழியே உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. 2023-ல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் இத்தகைய கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரக நோய் வந்ததை மருத்துவர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். மலப்புரம் நமக்கு அப்படி ஒன்றும் தூரம் இல்லை.

இந்தக் கிரீமைத் தவிர்க்கப் பெரிய படிப்பு வேண்டாம், டப்பாவைத் திருப்பிப் பார்த்தாலே போதும். 2020-ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி செய்தவர் பெயர், முகவரி, பேட்ச் எண், எதுவரை பயன்படுத்தலாம் என்ற தேதி, உரிம எண் எல்லாம் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதி செய்தவரின் பெயரும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். இவை இல்லாவிட்டால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். மெர்க்குரி, கலோமல் என்று பாதரசத்தின் பெயர் எழுதியிருந்தாலும் வேண்டாம். தங்கம், வெள்ளி நகையில் படாமல் பூசவும் என்று ஒரு எச்சரிக்கை இருந்தால் அதுவும் பாதரசத்துக்கு அடையாளம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

முகத்துக்கு ஒரே ஒரு பொருள் வாங்கத்தான் காசு இருக்கிறது என்று ஒரு தங்கச்சி கேட்டால், உரிம எண் போட்ட சாதாரண சன்ஸ்கிரீனை வாங்கிக்கொள் என்பேன். அதற்கும் இல்லை என்றால் குடை பிடித்துக்கொள். முகத்தில் ஏதாவது வந்துவிட்டால் பெரியாஸ்பத்திரி தோல் பிரிவில் சீட்டுப் போட்டுக் காட்டலாம், அங்கே காசு கேட்க மாட்டார்கள். அரை நாள் லீவு போகும், போகட்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். மகளிர் பக்கத்தில் தோல் மருத்துவர் ஒருவரைக் கொண்டு, டப்பாவின் படத்தோடு, எந்த வரியை எங்கே பார்க்க வேண்டும் என்று ஒரு கட்டுரை போடுங்கள். வெளுப்பாக மாற வழி சொல்கிற குறிப்புகளைத் தயவுசெய்து நிறுத்துங்கள். கட்டுரை தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே வந்துவிட்டால் நல்லது. போனஸ் கைக்கு வருவதும், ஃபேன்சி கடையில் கூட்டம் சேருவதும் அப்போதுதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.