அழிப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எழுத்து நடையை வைத்தே முகம் தெரியாத ஆளைக் கண்டுபிடிக்கலாம் என்று ஞாயிறன்று வந்த கட்டுரை படித்தேன். 31 வருடம் விடைத்தாள் திருத்தியவனுக்கு இதில் ஆச்சரியம் இல்லை, பெயர் எழுதாத தாளைக் கொடுத்தாலும் இன்னார் பிள்ளையுடையது என்று சொல்லிவிடுவோம். ஆஸ்திரேலியாவில் 2014-இல் குழந்தைகளின் ஆபாசப் படங்களைப் பரப்பிய ரகசியத் தளத்தின் தலைவனைப் பிடித்துக் கொடுத்ததே அவன் வணக்கம் சொன்ன விதம்தான். 'ஹையாஸ்' (hiyas) என்று விசித்திரமாக ஆரம்பிப்பான். வண்டி பற்றி வேறோர் இணையதளத்தில் பேசியபோதும் அதையே போட்டிருந்தான். அடிலெய்டு நகரில் அவன் வீடு வரைக்கும் போலீஸார் போய்விட்டார்கள். 35 வருடம் சிறை. ஆள் செய்த வேலை என்ன தெரியுமா, ஆதரவற்ற குழந்தைகளைப் பராமரிப்பது!

எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். எட்டாவது படிக்கும் பெண்ணுக்குப் போனில் ஒரு 'தோழி', தானும் எட்டாவதாம். அந்தப் பிள்ளையின் அம்மா என்னிடம் காட்டினார். 'வெகு நாளாகப் பேசவில்லையே. ஆகையால் ஒரு போட்டோ அனுப்பு.' எட்டாவது படிக்கிற பிள்ளை 'ஆகையால்' போடுமா? வரிக்கு வரி முற்றுப்புள்ளி வேறு, பரீட்சையிலேயே வைக்க மாட்டார்கள். வயதான ஆள் என்று எனக்குப் பட்டது. சந்தேகம் ஒருவர் மேல் போனது, சரி என்று தெரு வாட்ஸ்அப் குழுவைப் புரட்டினால், 'ஆகையால்' போடுகிறவர்கள் மூன்று பேர், அதில் ஒருவன் நான். நடை வழிகாட்டும், அவ்வளவுதான்; அதை மட்டும் வைத்து யாரையும் குற்றவாளி ஆக்கிவிடக் கூடாது, எந்த எண், எந்தப் போன் என்று காவல்துறைதான் உறுதி செய்ய வேண்டும்.

தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் துறை இருக்கிறது. ஆங்கில எழுத்தில் தமிழ் தட்டும்போது ழகரத்துக்கு ஒருவர் ஓர் எழுத்து போடுகிறார், இன்னொருவர் இரண்டு போடுகிறார், இதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும் பழக்கம். காவல்துறையின் சைபர் பிரிவுக்காரர்கள் அந்தத் துறையினரோடு உட்கார்ந்து பேசினால் என்ன?

அப்புறம் பெற்றோர்கள், இப்படிப் போனில் வந்த எதையும் தயவுசெய்து அழிக்காதீர்கள். கணக்கின் பெயர், தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குக் கூப்பிடுங்கள். அந்தப் பெண்ணின் அப்பா, குறுவை நடவில் இருந்தவர், விஷயம் கேட்டு வயலிலிருந்து வந்த வேகத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டார். காவல் நிலையத்தில் காட்ட ஒரு வரி இல்லை. இப்போதும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார், 'அதைத் திரும்ப எடுக்க முடியுமா ஐயா?'

ஓய்வு பெற்ற தமிழாசிரியர்,
நீடாமங்கலம்.