‘பணம் வைத்து’ என்பதையும் சேர்த்து எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செல்போனில் சீட்டாடும் பிள்ளைகளைப் பற்றி உங்கள் வாசகர் பகுதியில் அடிக்கடி கடிதங்கள் வருகின்றன. எந்த ஆட்டம், எதை வைத்து ஆடுகிறார்கள் என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை. எல்லாம் ஒரே மூட்டை. இரண்டு வகையையும் சொந்த வீட்டிலேயே பார்த்தவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் சிவதாபுரத்தில் வீட்டிலிருந்தபடியே கொலுசுக்குச் சலங்கை பற்றவைக்கும் வேலை செய்கிறேன். வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார்கள். முடித்த கொலுசை எடை போட்டு வாங்குவார்கள். சேதாரம் போக அரை கிராம் குறைந்தாலும் பதில் சொல்ல வேண்டும். அதனால் எங்கள் தெருவில் ‘திருட்டு’ என்ற சொல்லை யாரும் சும்மா வாயில் எடுக்க மாட்டார்கள். ஒரு தடவை அந்தப் பேச்சு கிளம்பிவிட்டால் அப்புறம் எந்தப் பட்டறையிலும் வேலை கிடைக்காது.

என் அண்ணன் 2021-ல் செல்போன் ரம்மியில் இறங்கினார். முதலில் நூறு, இருநூறு என்று வந்தது. ஆறே மாதத்தில் ஒன்றே முக்கால் லட்சம் போய்விட்டது. அண்ணியின் தாலிக்கொடி இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்குப் போர்வைக்குள் சீட்டு கலைக்கும் சத்தம் கேட்கும் என்று அண்ணி சொல்லி அழுததை நான் மறக்கவில்லை.

இப்படிப்பட்ட வீட்டில், போன ஆடிப்பெருக்கு அன்று, பதினோராம் வகுப்பு படிக்கும் என் மகன் திண்ணையிலிருந்து கத்தினான்: “அம்மா, ரெண்டு சீட்டு திருடிட்டேன்!” எனக்குக் கை நடுங்கிவிட்டது. பற்றவைத்துக்கொண்டிருந்த சலங்கை அப்படியே உருகிப் போனது. எழுந்து போய் செல்போனைப் பிடுங்கி அரிசி டப்பாவுக்குள் போட்டேன். அடுத்த வாரம் பள்ளியில் பெற்றோர் கூட்டம். அங்கேயும், “உங்க பையன் திருட்டுச் சீட்டு ஆடுறானாமே” என்று எல்லார் முன்னாலும் கேட்டார்கள். தலை நிமிர முடியவில்லை.

மூன்று நாள் அவன் என்னோடு பேசவில்லை. நான்காவது நாள், “ஒரு ஆட்டம் பக்கத்துல உக்காந்து பாரும்மா. அப்புறம் நீயே சொல்லு” என்றான். சரி என்று உட்கார்ந்தேன்.

அந்த விளையாட்டின் பெயர் ஹார்த்ஸ்டோன். அமெரிக்காவின் பிளிசார்ட் நிறுவனம் 2014-ல் வெளியிட்டது. ஆளுக்கு 30 சீட்டு, 30 உயிர்ப் புள்ளி. ஒவ்வொரு ஆட்டத்திலும் தன் முறை முதலில் வரும்போது ஒரு மானா, அடுத்த முறை இரண்டு, இப்படி 10 வரை கூடும். அந்த மானாவைச் செலவழித்துத்தான் சீட்டை இறக்க முடியும். என் மகன் ஆடுவது பிரீஸ்ட் என்கிற பூசாரியை வைத்து. ‘திருட்டு டெக்’, அதாவது திருட்டுச் சீட்டுக்கட்டு என்று பிள்ளைகள் சொல்வது இதைத்தான். சொந்தமாக வலுவான சீட்டு அதிகம் இருக்காது. எதிராளியிடம் இருப்பதை வைத்தே எதிராளியை வெல்ல வேண்டும்.

தாட்ஸ்டீல் என்ற சீட்டை இறக்கினால் எதிராளியின் கட்டிலிருந்து இரண்டு சீட்டுகள் இவன் கைக்கு வரும். “அப்ப அவங்களுக்கு ரெண்டு குறையுமா?” என்று கேட்டேன். “குறையாதும்மா, காப்பிதான். அவங்க கட்டு அப்படியேதான் இருக்கும்.” எனக்கு அந்த இடத்தில்தான் மனம் இறங்கியது. எடை குறையாத ஒன்றை என் தொழிலில் யாரும் திருட்டு என்று சொல்ல மாட்டார்கள். பெயரில் மட்டும் அந்தச் சொல்லை வைத்திருக்கிறார்கள்.

அன்று பார்த்த ஆட்டத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எதிராளி வைத்து ஆடியது ஒரு மந்திரவாதியை. இவன் ஆரம்பத்திலேயே மைண்ட் விஷன் என்று ஒரு சீட்டை இறக்கினான். அது எதிராளியின் கையிலிருக்கும் ஏதோ ஒரு சீட்டைப் படியெடுத்துத் தரும். வந்தது ரக்னரோஸ், நெருப்பு ராஜா. 8 மானா. தன் முறை முடியும்போதெல்லாம் எதிர்ப்பக்கம் யார் மேலாவது 8 புள்ளி நெருப்பை வீசும். இவனுக்கு 8 மானா வந்ததும், “இறக்கு கண்ணு” என்றேன். “வேணாம்மா. மந்திரவாதிகிட்ட நம்ம வீரனை ஆடா மாத்துற சீட்டு இருக்கும், இது வீணாப் போயிடும். அவங்க கையிலயும் இதே சீட்டு இருக்குன்னு எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தெரியாது” என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தான். பையன் பொறுமையாக இருந்து நான் பார்த்தது அன்றுதான்.

ஒன்பதாவது முறையில் அந்த ஆள் ரக்னரோஸை இறக்கினார். நெருப்பு வந்து இவனுடைய ஒரு வீரனைச் சுட்டது. இவனுக்கு 10 மானா வந்தது. மொத்தத்தையும் கொட்டி மைண்ட் கன்ட்ரோல் என்ற ஒரே சீட்டை இறக்கினான். இது படியெடுப்பு இல்லை, நிஜமாகவே பறிப்பதுதான். நெருப்பு ராஜா அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் நகர்ந்தது. எதிரில் மந்திரவாதியைத் தவிர வேறு யாரும் இல்லை. மீதி இருந்த உயிர் சரியாக 8. இவன் முறை முடிந்ததும் அதே நெருப்பு அவர் மேலேயே விழுந்தது. உயிர் தீர்ந்தது, இவன் ஜெயித்தான். என்னை அறியாமல் கைதட்டிவிட்டேன். பல்லாங்குழியில் எதிர்க்குழியை அள்ளும்போது என் அம்மாவின் முகத்தில் இருக்கும் அதே சந்தோஷம் இவன் முகத்தில் இருந்தது.

போன மாதம் அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தபோது இவன் ஆடிக்கொண்டிருந்தான். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து வெகு நேரம் பார்த்தார்.

“இதுல எவ்வளவு போட்டிருக்க?”

“ஒண்ணும் போடல மாமா.”

“தோத்தா?”

“ஒரு ஸ்டார் போகும். அடுத்த ஆட்டத்துல புடிச்சுக்கலாம்.”

அண்ணன் எழுந்து போய் சொம்பில் தண்ணீர் மொண்டு குடித்தார். திரும்ப வந்து அந்தச் சீட்டுகள் என்ன செய்யும் என்று ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார்.

பணம் வைத்து ஆடுவதும் சும்மா ஆடுவதும் வேறு என்பதைச் சட்டமே சொல்கிறது. தமிழக அரசு 2022-ல் கொண்டுவந்த சட்டத்தில் ரம்மிக்கும் போக்கருக்கும் இருந்த தடை, அவை திறமை விளையாட்டு என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீங்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டிப் பணம் எதிர்பார்க்கும் இணைய விளையாட்டு எதுவானாலும் கூடாது என்று சட்டம் செய்தது. பணயம் இல்லாத விளையாட்டுகளை அந்தத் தடைக்குள் கொண்டுவரவில்லை.

அதற்காக இந்த விளையாட்டில் காசே போகாது என்று நான் சொல்ல மாட்டேன். புதுச் சீட்டுகள் பேக்காக வருகின்றன. ஒரு பேக்கில் 5 சீட்டு. என்ன வரும் என்று பிரித்தால்தான் தெரியும். ஆடிச் சேர்த்த 100 தங்கத்துக்கும் (விளையாட்டுக்குள் மட்டும் செல்லும் காசு) வாங்கலாம், நிஜக் காசுக்கும் வாங்கலாம். நிஜக் காசு என்ற அந்தக் கதவை நான் அடைத்து வைத்திருக்கிறேன். என் வங்கிக் கணக்கு அந்தச் செல்போனில் இல்லை. தங்கம் சேர்ந்தால் வாங்கட்டும், சேராவிட்டால் இருப்பதை வைத்து ஆடட்டும். உங்கள் நாளிதழில் இந்த பேக் விஷயத்தை விளக்கி எழுதினால் என்னைப் போன்ற தாய்மார்களுக்கு எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரியும்.

இன்னொரு வேண்டுகோள். இணையச் சீட்டாட்டத்தால் குடும்பம் நாசமான செய்திகளைப் போடும்போது ‘பணம் வைத்து’ என்ற இரண்டு சொற்களைத் தலைப்பிலேயே சேர்த்துவிடுங்கள். எங்கள் வீட்டுத் தாலிக்கொடியைக் கொண்டுபோனது அதுதான். அந்தச் சொற்கள் இல்லாத தலைப்பைப் படித்துவிட்டுத்தான் அந்தக் கூட்டத்தில் என் பையனை அப்படிக் கேட்டார்கள்.

இப்படிக்கு,
கொலுசுத் தொழிலாளி ஒருவர்,
சிவதாபுரம், சேலம்.