சோதனை அறிக்கைக்கும் வண்டிக்கும் பொருத்தமில்லை: ஸ்கார்பியோ விற்பனை குறித்த புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர் (பெயர், முகவரி, வண்டி எண் விற்பனை ரசீதில் உள்ளபடி),
கோபிசெட்டிபாளையம், ஈரோடு மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு,
பழைய கார் விற்பனை நிறுவனம், கோவை.

பொருள்: 2013 மாடல் ஸ்கார்பியோ 2.2 டீசல், தவறான சோதனை அறிக்கை, முடியாத ஆர்.சி. (பதிவுச் சான்று) மாற்றம்.

ஐயா,

வணக்கம். உங்கள் கோவை கிளையில் 4,85,000 ரூபாய்க்கு வாங்கிய வண்டியைப் பற்றியது இக்கடிதம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், புகார் ஸ்கார்பியோ மேல் இல்லை. ஐந்து லட்சத்துக்குள் ஏழு பேர் உட்காரவும், தோட்டத்துத் தடத்தில் அடி தட்டாமல் போகவும், திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளைத் திணறாமல் ஏறவும் வண்டி தேடினால் இது சரியான தேர்வுதான். சேசிஸ் மேல் பாடி உட்கார்ந்த வண்டி. இதன் எம்-ஹாக் இன்ஜினில் டைமிங் செயின்; பெல்ட் அறுந்து இன்ஜின் போகுமோ என்ற பயம் கிடையாது. சாமான் எங்கும் கிடைக்கும், வேலை தெரிந்த மெக்கானிக் அந்தியூரிலும் இருப்பார். 2028-இல் பதினைந்து வருடம் முடிந்து எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுத்து, பசுமை வரி கட்டி ஆர்.சி. புதுப்பிக்க வேண்டியிருக்கும் என்பதும் தெரிந்தேதான் வாங்கியது.

புகார் நீங்கள் கொடுத்த '200 அம்ச சோதனை அறிக்கை' மேல். இதே வண்டி நேர் பார்ட்டியிடம் இன்னும் குறைவாகக் கிடைத்திருக்கும். கூடுதல் பணம் அந்த அறிக்கைக்காகக் கொடுத்தது. வெளி மெக்கானிக்கைக் கூட்டி வருவதாகச் சொன்னபோது, "ஏனுங்க, கம்பெனியே பார்த்த வண்டிங்க, அவரெல்லாம் எதுக்குங்க" என்றார் உங்கள் விற்பனைப் பிரதிநிதி. அதனால் அறிக்கையில் இருப்பதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

டயரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதைப் பார்க்க ஸ்பேனர்கூட வேண்டாம். அறிக்கையில் 'டயர் 80%' என்று இருக்கிறது. முன் டயர் இரண்டின் பக்கச்சுவரிலும் 1817 என்ற நான்கு இலக்கம் தெளிவாக அச்சாகியிருக்கிறது: 2017-ஆம் ஆண்டின் 18-ஆவது வாரத் தயாரிப்பு. பட்டன் (தரையில் படும் வெட்டு) ஆழமாகத்தான் இருக்கிறது. ஆனால் ரப்பர் காய்ந்து, ரிம்மை ஒட்டிச் சுற்றிலும் மயிரிழை வெடிப்பு ஓடுகிறது. பின் டயர்கள் வேறு கம்பெனி, அதே கதி. விற்பனைக்காக எங்கிருந்தோ கழற்றி மாட்டிய பழைய டயர்கள் என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது. லோடோடு மலை இறங்கும்போது சூடேறி வெடிப்பது இந்த மாதிரி டயர்தான். பட்டன் ஆழத்தை மட்டும் சதவீதமாக எழுதி, தயாரிப்பு வாரத்தை விட்டுவிடும் அறிக்கையால் வாங்குகிறவருக்கு என்ன பயன்?

மீட்டரில் 81,000 கிலோமீட்டர். சேசிஸ் எண்ணைக் கொடுத்து அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் வாங்கிய பதிவில், 2020-லேயே 1,26,000 என்று இருக்கிறது. அதாவது மீட்டர் திருப்பப்பட்டிருக்கிறது. திருப்பியது நீங்களா, உங்களுக்கு விற்றவரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் 'ஓடிய தூரம் சரிபார்க்கப்பட்டது' என்று முத்திரை வைத்தது நீங்கள். விலை மட்டும் அல்ல, கிளட்ச், டர்போ, லோயர் ஆர்ம் புஷ் எப்போது மாற்றுவது என்ற கணக்கே கிலோமீட்டரை வைத்துத்தான்.

அந்தக் கணக்கு தப்பியது கிளட்ச்சில் உடனே தெரிந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, நான்காவது கியரில் போட்டு, லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்து கிளட்ச்சை விட்டால் நல்ல வண்டி அப்படியே ஆஃப் ஆகிவிடும். இது ஆஃப் ஆகாமல் உறுமிக்கொண்டு நிற்கிறது. பிளேட் தேய்ந்து வழுக்குகிறது. அவினாசி ரோட்டுச் சமதளத்தில் கொடுக்கும் டெஸ்ட் டிரைவில் இது தெரியாது, பண்ணாரி தாண்டி ஏற்றம் பிடித்தால் நாற்றமே அடிக்கும். அறிக்கையில் 'கிளட்ச்: நன்று'. பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், கூலி சேர்த்து 16,500 ரூபாய் மதிப்பீடு.

இன்ஜின் பற்றி நேர்மையாக எழுதுகிறேன். வண்டி காட்டும்போதும் டெலிவரியின்போதும் இன்ஜின் ஏற்கெனவே சூடாக இருந்தது. பானெட்டில் கை வைத்தாலே தெரிந்தது. இரவு முழுக்க நின்று காலையில் முதல் ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை வருகிறது, பிறகு நின்றுவிடுகிறது. ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்து பார்த்தால் பெரிதாகப் புகை தள்ளவில்லை. ஆகவே பிஸ்டன் ரிங் போகவில்லை, வால்வ் சீல் வழியாக ஆயில் இறங்குகிறது என்பது மெக்கானிக்கின் கணிப்பு. இந்த வயதில் இது பெரிய குற்றமில்லை. ஆனால் 'கோல்டு ஸ்டார்ட்: புகை இல்லை' என்று டிக் போட்டிருக்கிறீர்களே, அதுதான் குற்றம்.

'விபத்து இல்லை' என்பது அடுத்த டிக். முந்தைய இன்சூரன்ஸ் பாலிசி முழு பாலிசி, இடைவெளி இல்லாமல் புதுப்பித்தது. அதில் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் வாங்காத வருடத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடி, பூஜ்யம். முந்தைய வருடம் கிளெய்ம் வாங்கியிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? பானெட்டைத் திறந்தால் மிச்சமும் தெரியும்: இடப்பக்க ஏப்ரனில் (ஃபெண்டருக்கு உள்ளே இருக்கும் பாடித் தகடு) கம்பெனி ஸ்பாட் வெல்டிங்கின் வட்டப் புள்ளிகள் வரிசையாக இருக்கின்றன, வலப்பக்கம் பட்டி பூசி மழமழவென்று மூடியிருக்கிறது. அந்தப் பக்கத்துப் பானெட் போல்ட்டுகளில் பெயின்ட் உரிந்த ஸ்பேனர் தடம். பெயின்ட் கனம் இடது ஃபெண்டரில் 120 மைக்ரான், வலதில் 420, அதாவது வலப்பக்கம் மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறது. ஃபெண்டர் உரசல் எந்த வண்டிக்கும் உண்டு, அதை விட்டுவிடலாம். ஏப்ரன் வரை அடி வாங்கியதை மறைத்து விற்பது வேறு விஷயம்.

கடைசியாகக் காகிதம். ஆர்.சி.யில் பழைய கடன் நிறுவனத்தின் ஹெச்.பி. (வண்டிக் கடன் பதிவு) இன்னும் நீங்கவில்லை. அவர்கள் முத்திரையிட்ட படிவம் 35 (கடன் முடிந்ததற்கான அறிவிப்பு), என்.ஓ.சி. (ஆட்சேபணையின்மைச் சான்று) இரண்டும் இல்லாமல் கோபி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்றம் நடக்காது. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்து வாங்கி வைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. என் பெயருக்கு ஆர்.சி. மாறாதவரை சொந்தச் சேதத்துக்கு இன்சூரன்ஸ் கேட்பதும் சிக்கல். மேலும், 1-4-2023 முதல் பழைய வண்டி விற்கும் டீலர் போக்குவரத்துத் துறையின் அங்கீகாரச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும்; உரிமையாளர் வண்டியை ஒப்படைத்ததையும் போர்ட்டலில் பதிய வேண்டும். இரண்டின் நகலும் எனக்கு வேண்டும்.

நான் கேட்பது இது. வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுத் தொகையையும் தாருங்கள். அது முடியாதென்றால் கிளட்ச், நான்கு டயர், வால்வ் சீல் ஆகியவற்றின் செலவை ஏற்று, உண்மையான கிலோமீட்டருக்கும் விபத்துக்கும் உரிய விலை வித்தியாசத்தைத் திருப்பிக் கொடுங்கள். ஹெச்.பி. நீக்கம் இரண்டிலும் சேராது. அதை உடனே முடித்தாக வேண்டும்.

15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுச் செய்வேன். வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடரலாம், ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை என்பது உங்கள் சட்டப் பிரிவுக்குத் தெரிந்திருக்கும். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-லும் பதிவு செய்யப்படும். சர்வீஸ் பதிவு, பாலிசி நகல், மதிப்பீட்டுச் சீட்டுகள், டயர் மற்றும் ஏப்ரன் படங்கள் இத்துடன் உள்ளன.

வண்டியைப் பார்க்க ஆள் அனுப்புவதானால் முந்தைய நாளே சொல்லுங்கள். முதல் ஸ்டார்ட்டில் வரும் புகையை அவரே பார்க்கும்படி இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்