மழையில் நிற்கும் யூனிமாக்

மதிப்பிற்குரிய அருங்காட்சியக நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். எந்த வண்டியைப் பற்றி எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். முன்பு அனுப்பிய மூன்று கடிதங்களுக்கும் பதில் இல்லை. ஆகவே இதை ஊரறிய எழுதுகிறேன். பின்முற்றத்தில் வேலியோரம் நிற்கும் பச்சை யூனிமாக்கை, கரடுமுரடான நிலத்திலும் ஓடும் என் அப்பாவின் அந்த ஜெர்மன் வண்டியை, கூரைக்குக் கீழே கொண்டுவாருங்கள்.

சென்ற ஞாயிறு அம்மாவை அங்கே அழைத்து வந்தேன். ஓட்டுநர் பக்கக் கதவில் கை வைத்தார். தகடு அப்பளம்போல் பொடிந்து உதிர்ந்தது. உள்ளங்கையில் ஒட்டிய துருவைத் துடைக்காமலே வீடுவரை வந்தார். நம் தென்னாப்பிரிக்க நட்டால் கடற்கரையின் உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்று அருங்காட்சியகம் நடத்துபவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

அந்தக் கதவைத் திறந்துதான் அப்பா ஒவ்வொரு நாளும் கரும்புக் காட்டுக்குப் போனார். 1987 செப்டம்பர் வெள்ளத்தில் துகேலா ஆற்றின் ஜான் ராஸ் பாலமே அடித்துக்கொண்டு போனது. எங்கள் ஸ்டாங்கர் பக்கத்துத் தோட்டத்திலும் தொழிலாளர் குடியிருப்பான பாரக்ஸுக்குப் போகும் பாதை தண்ணீருக்குள் கிடந்தது. லாரிகள் திரும்பிவிட்டன. அப்பா யூனிமாக்கில் ரொட்டியையும் குடிநீரையும் ஏற்றிக்கொண்டு இறங்கினார். எனக்குப் பத்து வயது. பக்கத்து இருக்கையில் இருந்தேன். இந்த வண்டியில் ஒவ்வொரு சக்கரத்தின் உட்புறமும் ஒரு பல்சக்கரப் பெட்டி உண்டு. அதனால் அச்சு, சக்கரத்தின் நடுமையத்துக்கு மேலே ஓடும்; வண்டியின் அடிவயிறு தரையைவிட்டு நன்றாக எழும்பி நிற்கும். இதை அப்பா பின்னால் ஒரு நாள் களிமண்ணில் செய்து காட்டினார். அன்று நான் பார்த்தது கால்மிதிவரை ஏறிய செந்நீரையும், ஸ்டியரிங்கைவிட்டு அசையாத அவர் கைகளையும்தான். நான்கு தடவை போய்வந்தோம். கடைசித் தடவை திரும்பும்போது பின்தட்டில் ஒரு நிறைமாதக் கர்ப்பிணி இருந்தார்.

உங்கள் பெரிய கூடத்தில், விளக்கு வெளிச்சத்தில், புதுப் பூச்சோடு பஃபெல் என்ற கவச வண்டி ஒன்று நிற்கிறது. அதுவும் யூனிமாக் அடிச்சட்டத்தின் மேல் கட்டியதுதான். நிறவெறி ஆட்சியின் சிப்பாய்களைக் கறுப்பினக் குடியிருப்புகளுக்குள் ஏற்றிச் சென்ற வண்டி அது. அதை வைக்கவேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் ஆகவேண்டும். ஆனால் அதற்குக் கூரை, ரொட்டி சுமந்த வண்டிக்கு மழையா? இந்த ஒன்றை என்னால் பொறுக்க முடியவில்லை.

ஜெர்மனியில் கக்கெனாவ் என்ற ஊரில் யூனிமாக்குக்கென்றே 2006-இல் ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். 1951 முதல் 2002 வரை இந்த வண்டிகள் உருவான ஊர் அது. போருக்குப் பின் உழவர்களுக்காக வடிவமைத்த வண்டி என்பதால், இரண்டு உருளைக்கிழங்கு வரிசைகளுக்குப் பொருந்தும்படி சக்கரங்களுக்கு இடையே 1.27 மீட்டர் வைத்தார்களாம். அந்த அளவைக்கூட மறக்காமல் சொல்கிறார்கள். இங்கே 1860-இல் ட்ரூரோ கப்பலில் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் என்ன ஓட்டினார்கள், எதில் கை வைத்து உழைத்தார்கள் என்று காட்ட உங்கள் கூடத்தில் ஒரு மூலைகூட இல்லை. ஆலை முதலாளிகளின் படங்கள் மட்டும் சுவர் முழுக்க இருக்கின்றன. வெட்டியவன் கத்தியும் ஓட்டியவன் வண்டியும் எப்போதும் கொல்லைப்புறத்துக்குத்தானா?

கோபத்தில் வார்த்தை நீண்டுவிட்டது, பொறுத்தருளுங்கள். பணிவாகவே கேட்கிறேன்: அந்த வண்டியைக் கூரைக்குக் கீழே கொண்டுவாருங்கள். பஃபெலுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. நான் காலால் அளந்து பார்த்தேன். இழுத்து வர ஆள் இல்லையென்றால் நாங்கள் வருகிறோம். அப்பாவோடு வேலை செய்தவர்களின் பிள்ளைகள் பதினோரு பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள் முடிவு வரும்வரை வண்டி நனையக்கூடாது. வரும் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஒரு தார்ப்பாயோடு வருகிறோம். தயவுசெய்து பின்வாசலைத் திறந்துவைக்கச் சொல்லுங்கள். அம்மாவும் வருவார்.

இப்படிக்கு,
அந்த யூனிமாக் ஓட்டுநரின் மகள்